மாரியம்மாவின் விரதம்

12 மார்ச் 1958, புதன்

எந்த வீடுகளுக்கு அரிசி உதவி தேவை என்று கண்டறியும் ஆராய்ச்சிக்கான கேள்விகளை என் மகள் சரோஜா இன்று காஜா பெராங் தெருவில் இருக்கும் நம் கடையில் வைத்துச் சோதித்துப் பார்த்தாள். முதலில் சிக்கியது, ஆறு பிள்ளைக்காரி மாரியம்மா.

"போன வாரம் ஏதாவது வேளை சாப்பிடாம இருந்தீங்களா அக்கா?"

"செவ்வாயும் வெள்ளியும் விரதம். வேற ஒண்ணுமில்ல."

"அவங்க பக்தி ஊருக்கே தெரியும். பசியில்லைன்னு எழுதும்மா," என்றேன்.

சரோஜா எழுதவில்லை. "வீட்டுல அரிசி நிறைய இருக்கிற வாரமும் விரதம் உண்டா அக்கா?"

மாரியம்மா சிரித்துவிட்டாள். "அரிசி இருந்தா சாமி ஒண்ணும் கேட்காது தங்கச்சி."

என் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவியே போயிருக்காது. ஆள் முகம் பார்த்தே வியாபாரத்தில் வளர்ந்தவன் நான். எனக்குப் படாதது என் மகளுக்குப் பட்டது. நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

மீதிக் கேள்விகளைச் சோதிக்கவும் கடையைக் கேட்டாள். பேரம் படிந்தது: பெஞ்சும் தேநீரும் என் செலவு, நான் வாயைத் திறக்கக்கூடாது.