அந்த ரிமோட் உங்களுடையது அல்ல

என் ஆசை அத்தா,

நேற்று விசாரணை அறிக்கை வந்தது. கிரேன் உங்கள் மேல் இரும்புத் தகட்டை இறக்கக் காரணமான சிக்னல் உங்கள் கையிலிருந்து போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உங்களை அடக்கம் செய்த மறுநாளே சூப்பர்வைசர் சுந்தரம் பாலக்கரை வீட்டுக்கு வந்தான். "பாய் கொஞ்சம் அசந்துட்டாருங்க. கீழ நின்னுக்கிட்டு அவரே பட்டனை அமுக்கிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னான். கிரேனின் பதிவிலும் உங்கள் ரிமோட்டின் எண்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டிய நீங்களா அசந்திருப்பீர்கள்?

நான் நேராக உங்கள் கம்பெனிக்குப் போனேன். என் ஆராய்ச்சிக்காக உங்கள் ஷெட்டில் வைத்த ரேடியோ பெட்டி அங்கேயே இருந்தது. "உன் பொட்டி பாட்டுக்கு மூலையில இருக்கட்டும்மா" என்று நீங்கள்தானே அனுமதி வாங்கித் தந்தீர்கள்? ஒரு மாதமாக அங்கே பறந்த ஒவ்வொரு அலையையும் அது பதிந்திருந்தது.

ரிமோட்டின் எண்ணை யாரும் நகலெடுக்கலாம். ஆனால் ஒரே கம்பெனியில் செய்த இரண்டு ரிமோட்டுகளின் அலைகள்கூட ஒன்றாக இருக்காது. உள்ளே இருக்கும் பாகங்களின் நுண்ணிய குறை, மனிதக் குரல்போல, அலையிலும் தெரியும். உங்கள் ரிமோட்டின் அலை எனக்கு மனப்பாடம். அந்தக் கடைசிக் கட்டளை அதிலிருந்து வரவில்லை.

"கிரேன் தானா நகருதும்மா, வேற ரிமோட் இருக்கும் போல" என்று ஒருமுறை சொன்னீர்களே. நீங்கள் புகார் செய்தபோது சுந்தரம் சிரித்தானாம்.

போன மாதம் நடந்த விசாரணையில் எல்லா ரிமோட்டையும் கொண்டுவரச் சொன்னேன். அவன் மேஜை டிராயரிலிருந்து ஒன்று வந்தது. "ரெண்டுக்கும் ஒரே நம்பர் சார். இந்தப் பொண்ணு எப்படிப் பிரிச்சுச் சொல்லும்?" என்றான். விசாரணை அதிகாரி இரண்டையும் பக்கத்து அறைக்கு எடுத்துப்போய், மாற்றி மாற்றி அழுத்தினார். நான் என் கருவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்: "இது அத்தாவோடது. இது இவரோடது." ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு என் பழைய பதிவைப் போட்டேன். அந்த மதியம் அழுத்தியது டிராயர் ரிமோட்.

சுந்தரத்தின் முகம் வெளுத்ததை நிதானமாகப் பார்த்தேன் அத்தா. எனக்கு இரக்கம் வரவில்லை. சரக்கு ஏற்ற லாரி காத்திருந்ததாம். கீழே ஆள் நிற்பதைப் பார்க்காமல் தன் ஆபீஸ் கேபினிலிருந்தே அழுத்தினானாம்.

வெளியே வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா. கேஸ் போட்டுடாதீங்க."

"எங்க அத்தாவுக்கும் ஒரு பொண்ணு இருக்கு" என்றேன்.

அவன் வீடு ஸ்ரீரங்கத்தில். கல்லூரிக்கு அது வழியே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி, தினமும் அவன் தெரு வழியாகத்தான் போகிறேன். ஹார்ன் அடிப்பதில்லை. வாசலில் வண்டியை மெதுவாக ஓட்டுகிறேன், அவ்வளவுதான். அவன் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறான். இப்படி ஒரு மகளை உங்களுக்குப் பிடிக்குமா?

"அல்லாஹ் பாத்துக்குவான், விட்டுடும்மா" என்கிறாள் அம்மா.

"அவன் பாத்துக்குவான்மா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

நான் போடும் வழக்கு எத்தனை வருடம் இழுத்தாலும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
ஷமீமா