வெறுஞ்சட்டி

யூன் 3, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு வெயில். குடை ரயிலிலேயே போய்விட்டது. இந்த வருடம் மூன்றாவது.

எங்கள் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தமிழ்க் கேள்வித்தாள் ஒருவழியாக முடிந்தது. ஒரு பக்கம், ஒன்பது கேள்வி. டென்மார்க்கின் மொத்த உற்பத்தியில் எந்தப் பதிவிலும் வராத வேலையையும் சேர்க்க வேண்டும். முடி வெட்டுவது, கார் திருத்துவது, வீட்டில் சமைத்துக் கொடுப்பது. யாரையும் பிடிக்க அல்ல, கணக்கு முழுமையாக இருக்க. வரிக் கந்தோருக்கு ஒரு பெயரும் போகாது. இதை நம் சனத்துக்கு நம்ப வைப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும்.

ஆறாவது கேள்விதான் தலையிடி. “வெளியாருக்குச் சமைத்துக் கொடுத்தது: உதவியாக / காசுக்கு.” காசுக்கு என்றால் கணக்கில் வரும். உதவி என்றால் எத்தனை மணித்தியாலம் அடுப்படியில் வெந்தாலும் பூச்சியம். என் பிரிவுக்குப் பொறுப்பான லேன கேட்டாள், உங்கள் ஆட்களிடம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று. இல்லை என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில்.

வாங்க: குளிர்பானம், கடதாசித் தட்டு, சிவப்பு வெள்ளைக் கொடிகள்.
27ஆம் திகதி மகள் அனுஷாவின் வகுப்பு முழுக்க லொறியில் வரும். இங்கே உயர்தரச் சோதனை முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பியோடு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு. ரோல்ஸ் 80. மச்சாள் செய்து தருவதாக எப்போதோ சொல்லிவிட்டார்.

யூன் 7, சனி. ஹேர்னிங்

போகும் வழியில் கடற்பாலத்தில் பலத்த காற்று, கார் ஆடியது. இவர் வேகமாக ஓடினார், நான் கத்தினேன்.

கேள்வித்தாளைப் பரீட்சித்துப் பார்க்கப் பன்னிரண்டு தமிழ் வீடு. பன்னிரண்டு பேரும் ஆறாவது கேள்வியில் “உதவியாக” என்ற பெட்டியில் புள்ளடி. “சும்மா ஒரு உதவிக்குத்தான் பிள்ளை.” சொல்லிவைத்த மாதிரி எல்லாருக்கும் ஒரே வசனம்.

கடைசி வீடு மச்சாள். இவருடைய அக்கா. கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனி ஞாயிறு வீட்டில் சமையல். ஹேர்னிங்கில் சாமத்தியவீடு, பிறந்தநாள் எதுவானாலும் பட்டீசும் ரோல்சும் மச்சாளுடையதுதான். விலை சொல்ல மாட்டார். ஆனால் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். முன்பு சீனியோ பழமோ வைப்பார்கள். இங்கே கழுவிய சட்டிக்குள் கடித உறை ஒன்று வரும்.

திரும்பும் வழியில் பெற்றோல் செட்டில் நின்றோம். இவர் கோப்பி வாங்கப் போனார். நான் மச்சாளின் தாளை எடுத்து “உதவியாக” என்பதை வெட்டி “காசுக்கு” என்பதில் புள்ளடி போட்டேன். மற்றவர்களின் சட்டிக்குள் என்ன வந்ததென்று எனக்குத் தெரியாது. மச்சாளுடையது தெரியும். வரைவிலக்கணப்படி சரி. ஒரு தாளாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

யூன் 14, சனி. மறுபடி ஹேர்னிங்

வெக்கை. கேள்விகள் எப்படி விளங்கின என்று அதே ஆட்களோடு இருந்து கதைப்பது இரண்டாவது சுற்று. பதினொரு வீடு பிரச்சினையில்லை.

மச்சாள் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டு மறுபடி பார்த்தார்.

“இது என்ர புள்ளடி இல்லையே.”

தாளை என் பக்கம் திருப்பினார்.

“நான் கறுத்தப் பேனையால போட்டனான். இது நீலம். நீர் மாத்தினனீரோ?”

“காசு வருதுதானே மச்சாள்.”

“வருது. நான் கேட்டனானோ? ரெண்டு அப்பிள் வைச்சுத் தந்த சனமும் இருக்கு. அவைக்கும் அதே பட்டீஸ்தான் போனது.”

பிறகு அடுப்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: “நீர் ஓகூஸ் கம்பஸில படிக்கேக்க அனுஷாவை நாலு வருசம் நான் பாத்தன். அதுக்கு எந்தப் பெட்டி?”

கட்டிப்பிடித்திருக்கலாம். அழுதிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? “காசில்லாமல் பிள்ளை பாக்கிறது கணக்கில வராது மச்சாள்.”

அச்சொட்டாகச் சரியான பதில். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

“ஓ” என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி அளவாக இருந்தது.

யூன் 16, திங்கள்

மழை. லேனவிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். உதவி என்று சொல்வதில் ஒரு பகுதி உதவி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், அதை மொத்தக் கணக்கில் வேறு தரவுகளை வைத்துத் திருத்துவோம், ஒரு மனுசியின் தாளில் கை வைக்க மாட்டோம் என்றாள். முதல் வருடத்திலேயே சொல்லித் தந்த பாடம். வேறு யாருடைய தாளாக இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். சொந்தம் என்ற துணிவு.

மச்சாளின் தாளைக் கணக்கிலிருந்து விலக்கியாயிற்று. நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்டாயே, உண்டு என்று சட்டிக் கதையைச் சொன்னேன். லேன எழுதிக்கொண்டாள். “சரி, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்?” என்றாள். தெரியாது என்றேன்.

மச்சாளுக்கு மூன்று தரம் ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. “அக்காவுக்கு வேலை கூடவாம், கோவமொண்டும் இல்லை” என்கிறார் இவர். இவருக்குப் பொய் சொல்லவே வராது.

யூன் 20, வெள்ளி

அலுமாரி துப்பரவாக்கினேன். காலாவதியான மல்லித்தூள் இரண்டு பக்கெற்.

லேனவின் கேள்வி மண்டைக்குள்ளேயே நிற்கிறது. அனுஷாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மச்சாளிடமிருந்து சட்டி வந்திருக்கிறது. நான் மாஸ்டர்ஸ் முடித்தபோது, வீடு குடிபுகுந்தபோது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது. எல்லாவற்றையும் மெசினில் போட்டுப் பளிச்சென்று கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வெறுமையாக. சுத்தமாகக் கொடுக்கிறேன் என்று பெருமை வேறு. ஊர்ச் சனம் கடித உறை வைத்ததை மட்டும் கவனித்து வைத்திருந்தேன்.

ஒரு முறையாவது இரண்டு அப்பிள் வைத்திருந்தால் குறைந்தா போயிருப்பேன்? வெட்கமாக இருக்கிறது.

யூன் 24, செவ்வாய்

மச்சாளிடமிருந்து செய்தி. “ரோல்ஸ் எத்தினை?”
80 என்று எழுதி, கீழே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன்.
பதில்: “80. சரி.”

தமிழ்க் கடையில் நல்ல மாம்பழம். ஒரு பெட்டி. சேலை ஒன்றும் எடுத்தேன், மச்சாளுக்குப் பிடித்த கிளிப்பச்சை. ஒரு கடிதம், ஐந்து தரம் கிழித்து எழுதியது. எல்லாம் சட்டிக்குள் வைக்க. பெரிய சட்டியாக வந்தால் கொள்ளும்.

யூன் 27, வெள்ளி

நல்ல வெயில். லொறி இரண்டு மணிக்கு வந்தது. ஊதல், ஹோர்ன், பாட்டு. பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடியது.

அதற்கு முன்பே, மத்தியானம், மச்சாள் ஹேர்னிங்கிலிருந்து தானே காரோட்டி வந்தார். அனுஷா “மாமி!” என்று ஓடிப்போய்த் தொங்கினாள், டேனிஷில் ஏதேதோ கொட்டினாள். தன் தொப்பியைக் கழற்றி மச்சாளின் தலையில் வைத்தாள். மச்சாள் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

நான் கார் டிக்கியைத் திறந்தேன். நான்கு அலுமினியத் தாள் தட்டுகள்.

“சட்டி எங்கை மச்சாள்?”

“இது பாவிச்சுப்போட்டு எறியிறது. திருப்பித் தரத் தேவையில்லை.”

கைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தந்தார். ரோல்ஸ் 80, விலை, அவருடைய வங்கிக் கணக்கு இலக்கம். நியாயமான விலைதான், ஒரு சதம் கூடுதலில்லை. கீழே அடிமட்டம் வைத்து இரண்டு பெட்டி கீறியிருந்தார். உதவியாக. காசுக்கு. இரண்டாவதில் புள்ளடி, கறுத்த மையில்.

“இப்ப சரிதானே?” என்றார். நக்கலாகக் கேட்கவில்லை.

பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் எல்லா ரோல்சையும் முடித்தார்கள். ஃபோனில் காசை அனுப்பினேன். தட்டுகளை நசுக்கிக் குப்பையில் போட்டேன். மாம்பழப் பெட்டி குசினி மேசையில் அப்படியே இருக்கிறது.