நான்கு முறை கரையேறிய லட்சுமி

ஓய், மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. கரமனை ஆற்றுச் சேற்றின் நாற்றம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இன்று காலை உம்முடைய மூட்டையை நான்தான் இழுத்துக் கரையில் போட்டேன். செத்து இருபது நாள் ஆகியும் எனக்கு வேலை வைக்கிறீரே, உம்மைத் திட்டாமல் எப்படி இருக்க?

ஆரியசாலையில் முப்பது வருடம் நம் கடைகள் அடுத்தடுத்து இருந்தன. நீர் சாமி படமும் பூஜைச் சாமானும் விற்றீர். நான் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்றேன். இருவரும் கடையை மூடிய பிறகு, தெருச் சங்கத்தார் ஞாயிறுதோறும் ஆற்றைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள், சேர்ந்தே போனோம். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கம்பில் கட்டிய கொக்கியால் குப்பையை இழுப்பேன். நீர் மஞ்சள் ரப்பர் கையுறையோடு படித்துறையில் சுகமாக உட்கார்ந்து பிரிப்பீர். பாட்டிலுக்கு ஒரு சாக்கு, துணிக்கு ஒரு சாக்கு. சாமி படங்களுக்கு மட்டும் தனிச் சாக்கு. "கோவில்ல ஒப்படைச்சிருதேன்" என்பீர். நம்பினேன், மடையன்.

அந்த லட்சுமி படம்தான் உம்மைக் காட்டிக் கொடுத்தது. சட்டத்தின் இடது மூலை பிளந்து, யாரோ சிவப்பு ஒயரால் கட்டியிருந்தார்கள். அதை ஒரு வாரம் அள்ளினேன். மறுவாரமும் அள்ளினேன். மூன்றாம் வாரமும் அவள் ஆகாயத்தாமரைக்கு நடுவே சிரித்துக்கொண்டு வந்தபோதுதான் புரிந்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டு நேரே படித்துறைக்கு மேலே உள்ள பாலத்துக்குப் போய், திரும்ப ஆற்றிலேயே விட்டிருக்கிறீர்!

"ஆத்துல விட்ட சாமியைக் குப்பை வண்டியில ஏத்தச் சொல்லுதீராவே?" என்று என் மேலேயே பாய்ந்தீர்.

"விடுறதுதான் விட்டீரு, படித்துறைக்குக் கீழ விடப்படாதா? மேல இருந்து விட்டா என் தலையிலதானே வந்து விழும்?"

"கீழ சாக்கடை சேருதுல்லா. அதுலயா விடச் சொல்லுதீரு?"

நல்ல மூளைதான் உமக்கு! அது குப்பைதான், குப்பைச் சாக்கில்தான் போட வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கள்ளன் என்றும் சொன்னேன். நீர் எழுந்து நின்று, "நான் வித்தது சாமி. நீரு வித்ததுதான் குப்பை" என்றீர். முப்பது வருடப் பழக்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனீர். அதை மறுபடியும் ஆற்றில்தான் விட்டீர் என்று நான் சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பார்த்ததாகவே சொன்னேன். அதன்பின் நீர் ஆற்றுப் பக்கம் வரவில்லை. நான்கு மாதம் எதிரெதிரே நடந்தும் பேசவில்லை. உம் சாவுக்கு வந்தவன் வாசலோடு நின்றேன். உள்ளே வந்து முகத்தைப் பார்த்திருந்தால் அங்கேயும் சண்டை பிடித்திருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உம் மகன் வழக்கப்படி உம் துணிமணிகளை ஆற்றில் விட்டிருக்கிறான். அதே பாலத்திலிருந்துதான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான். இன்று என் கொக்கியில் மாட்டிய தலையணை உறைக்குள் உம் கட்டம் போட்ட சட்டை, இரண்டு பனியன், மஞ்சள் கையுறை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த லட்சுமி. சிவப்பு ஒயர் அப்படியே இருந்தது. பின்னால் மட்டும், சுவரில் மாட்டுவதற்குப் புதுக் கயிறு கட்டியிருந்தீர்.

வீட்டில் மாட்டி வைத்திருந்தீர். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவ்வளவு திமிர்!

சங்கத்துச் செயலாளராக இருக்கும் பெண் சாக்குகளைக் காட்டி, "சாரே, இது ஏது சாக்கிலா இடேண்டது?" என்று மலையாளத்தில் கேட்டாள், இதை எந்தச் சாக்கில் போடுவதென்று. எந்தச் சாக்கு என்று ஊரறியக் கத்தியவன் நான். படத்தையும் கையுறையையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு கள்ளனைப் போல வீட்டுக்கு வந்தேன்.

இப்போது அவள் என் மேசையில் இருக்கிறாள். விளக்கேற்றட்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். வேண்டாம் என்றேன். ஏற்றினால் நீர் ஜெயித்ததாகிவிடும். உம் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீரப்போவதும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு படித்துறையில், நான் பார்த்ததாகச் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். உம் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் சொல்லப்போகிறேன். கேட்பதற்கு நீர் இருந்திருக்கலாம், ஓய்.