ஒரு கரண்டி மதி

அண்ணா,

இன்று காலை தென்காசிச் சந்தையில் ஒரு புனலூர்க்காரர் மாங்காய் வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரன் பைக்குள் போட்டுக்கொண்டே போக, "மதி, மதி" என்று கையை நீட்டித் தடுத்தார். போதும் என்று மலையாளத்தில் சொல்கிறார், அவ்வளவுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போய் இத்தனை காலமாகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் நீ பாதியில் விட்டுப் போன இலைதான் முதலில் கண்முன் வருகிறது.

என் மகளுக்குப் பேர் வைத்த அன்று நடந்தது உனக்கும் மறந்திருக்காது. செங்கோட்டை அப்போதுதான் திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்திருந்தது. அங்கே நீ வைத்த மரக்கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாய். அப்பாவின் வயலை விற்றுப் போட்ட கடை என்பதால் சொந்தக்காரர்கள் உன்னை மதிகெட்டவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது உன் காதுக்கும் எட்டியிருந்தது. வருவாயோ மாட்டாயோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தாய். பந்தியில் உட்கார்ந்தாய். என் வீட்டுக்காரர்தான் பாயச வாளியோடு வந்தார். செங்கோட்டைப் பழக்கத்தில் நீ "மதி, மதி" என்றாய்.

அவருக்குக் கேலி வந்தால் முன்பின் பார்க்கத் தெரியாது. அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி, உங்கண்ணன் மதி கேக்காரு. உள்ள இருந்தா ஒரு கரண்டி கொண்டா. அவருகிட்டதான் இல்லையே!" என்றார்.

பந்தி மொத்தமும் சிரித்தது. பாதி இலையில் நீ எழுந்தாய்.

"இந்த வீட்டுல இனி நான் கை நனைச்சா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். கேலி செய்தவர் அவர். சாபம் எனக்கு.

உன்னிடம் வந்து சமாதானம் பேசும்படி அவரிடம் சொன்னேன். "விருந்து இலையில இருந்து எந்திச்சவரு அவரு. நான் போயி கால்ல விழணுமாக்கும்?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். அதற்குப் பிறகு தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, நீ வரவில்லை. செங்கோட்டை என்ன, கடல் கடந்தா இருக்கிறது?

பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், மூளிக் காதோடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? என் மாமியார், "ஒன்னுவிட்ட மாமன் மடி ஆகாதா? ஊரு சிரிக்கி" என்று தினமும் குத்தினார். நான் அசையவில்லை. வேறொருவன் மடியில் அவளை உட்கார வைத்தால் எனக்கு அண்ணன் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அந்தக் காதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி அருவியில் தள்ளலாமா என்று வந்தது.

கடைசியில் நானே ரயிலேறி உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். குற்றாலநாதர் சன்னிதியில் காதுகுத்து என்றேன்.

"வாரேன். மடியில வச்சுக்கிடுதேன். கை நனைக்க மட்டும் சொல்லாத."

"குத்தாலத்துல எனக்கு ஏதுண்ணே வீடு? அது சத்திரத்துச் சோறு."

நாள் என்றைக்கு என்று கேட்டாய். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

காதுகுத்து அன்று விடியலிலிருந்தே சாரல். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குத்தி முடிந்தும் மடியை விட்டு இறங்கவில்லை. சத்திரத்தில் இலை போட்டார்கள். மாமா கையால்தான் சாப்பிடுவேன் என்று அவள் அழ, வேறு வழியில்லாமல் அவளோடு இலை முன் உட்கார்ந்தாய். அவளுக்கு ஊட்டினாய், நீயும் ரெண்டு வாய் போட்டுக்கொண்டாய். ஒவ்வொரு வாயையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது பார்த்து அவர் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வேண்டாம், வேற யாரையாவது ஊத்தச் சொல்லுங்க" என்று தடுத்தேன். கேட்கவில்லை. நேராக உன் இலைக்கு வந்து ஊற்றினார்.

"போதும்" என்றாய். தலை நிமிரவில்லை.

இன்னொரு கரண்டி ஊற்றினார். "போதும்னு சொல்லுதேன்லா" என்றாய். குரல் தடித்தது. மறுபடியும் ஊற்றினார். பாயசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. பந்தியில் யாரும் மெல்லவில்லை. நீ இடது கையைத் தரையில் ஊன்றினாய். எழுந்துவிடுவாய், இதோடு எல்லாம் தீர்ந்தது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்தார். "மச்சான், உங்க சொல்லைச் சொல்லுங்க. அப்பத்தான் நிறுத்துவேன்." பிறகு, பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கும்படி, "அன்னைக்கு அது இல்லாமப் போனது எனக்குத்தான்" என்றார்.

நீ அவரை நிமிர்ந்து பார்த்தாய். பிள்ளை உன் முகத்தைப் பார்த்தாள். ஊன்றிய கையை எடுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"மதி, மாப்பிள்ளை. மதி."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

அன்று சாயங்காலமே எங்களோடு பஸ்ஸில் தென்காசிக்கு வந்தாய். என் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து மோர்ச்சோறும் நாரத்தங்காயும் சாப்பிட்டாய். கை காயும்வரை எழாமல் இருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்.

"ஏட்டி, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தீத்துக்கிட்டோம். நடுவுல கெடந்து லோல்பட்டது நீ. உங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே. எம்மேல கோவம் உண்டாட்டி?"

"எனக்கென்ன கோவம், போண்ணே" என்று பாத்திரத்தைத் தேய்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் நீ வராமல் இருந்ததில்லை. அவர் மேல் இருந்ததை நான் அவரோடு தினம் ஒரு சண்டை போட்டே தீர்த்துவிட்டேன். உன்னோடு மட்டும் போடவில்லை. ஏதாவது சொல்லப் போய், நீ மறுபடியும் பாதி இலையில் எழுந்து போய்விடுவாயோ என்ற பயம் கடைசிவரை என்னை விடவில்லை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அதே பயம்தான்.

இப்போது நீயே எழுந்து போய்விட்டாய். இனி எனக்கு என்ன பயம்? அன்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். உண்டு அண்ணா. ரொம்பக் கோபம் இருந்தது.