ஏழாம் உலையின் வளைவுக் குழாய்

பாகூர்,
9 ஜூன் 1936

அன்புள்ள இன்னாசிமுத்துவுக்கு,

கப்பலும் ரயிலும் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. இருபத்தொன்பது வருஷம் சங்குச் சத்தத்துக்கு எழுந்தவன், இங்கே சங்கு ஊதாமலே அதே நேரத்துக்கு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சோரியாங்குப்பம் போய் உன் மனைவி காசம்மாளிடம் நீ கொடுத்தனுப்பிய சால்வையைக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்தபடியே, "சால்வ இன்னாத்துக்குண்ணா? அந்த மனுசன் உசுரோட கீறாரா இல்லியான்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

எண்ணெய்க் கம்பெனி கொடுத்த நற்சான்றுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். 'ஒரு தவறான எண்ணையும் எழுதாத இஞ்சினியர்' என்று அதில் இருக்கிறதல்லவா, அதைக் கேள்விப்பட்டு ஏரி மதகின் மட்டம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு முறை அளந்தேன். அப்படியும் சந்தேகம் தீரவில்லை.

ஒரு சின்ன விஷயம். ஏழாம் உலைக்கு மேலே போகும் வளைவுக் குழாயை நான் வந்தபின் யாராவது திறந்து பார்த்தார்களா? அவசரமில்லை.

சிவப்பிரகாசம்


ரங்கூன்,
24 ஜூன் 1936

இஞ்சினியர் அண்ணனுக்கு, இன்னாசி வணக்கம்.

வேலையை விட்ட பிறகும் குழாயை விட மாட்டீர்கள் போலிருக்கிறது! உங்கள் நாற்காலியில் இருபத்துநாலு வயதுத் துரை ஒருவர் வந்திருக்கிறார். நீங்கள் வேலை பழக்கி, பிறகு உங்களுக்கே மேலதிகாரி ஆனார்களே ஏழு பேர், அவர்களுக்கு இவர் தம்பி மாதிரி. எண்ணெய் எந்தப் பக்கம் வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று இன்னும் என்னைத்தான் கேட்கிறார்.

வளைவுக் குழாயை எதற்குத் திறப்பது? ஏப்ரல் பதினெட்டில் நீங்கள் அளந்தது ஏட்டில் இருக்கிறதே, காலே அரைக்கால் அங்குல கனம் என்று. என் வேலை மேஜை அதற்கு நேர் கீழே. நீங்கள் அளந்த குழாய் என்பதால்தான் அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்கிறேன்.

காசம்மாளிடம் சொல்லுங்கள், உசுரோடதான் கீறேன்.

இன்னாசிமுத்து


பாகூர்,
8 ஜூலை 1936

அன்புள்ள இன்னாசி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்கிறேன். அந்தக் குழாயை நான் அளக்கவில்லை.

உலையை அரை நாள் நிறுத்தினால்தான் அளக்க முடியும். பெரிய துரையிடம் கேட்கப் போனேன். அவர் தலையைத் தூக்காமலே, "போன வருஷ எண் என்ன?" என்றார். சொன்னேன். "நல்ல எண்தானே" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த மேஜைக்கு முன்னால் எத்தனை தடவை அப்படி நின்றிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு திருகாணி கேட்டால் மூன்று பிரதி எழுதித் தா என்பார்கள். தந்தால், ஓரம் சரியாக விடவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். உலையை நிறுத்து என்று மட்டும் அங்கே யாரும் சொல்லக் கூடாது. திரும்பி வந்து, போன வருஷ எண்ணையே எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

குழாயைத் திறக்கச் சொல். உள்ளே தேய்ந்து மெலிந்திருந்தால் கொதிக்கிற எண்ணெயோடு வெடித்துவிடும். அதுவரை அதன் கீழே உட்காராதே.

சிவப்பிரகாசம்


ரங்கூன்,
25 ஜூலை 1936

அண்ணனுக்கு,

புதிதாக வந்த சின்னத் துரையிடம் போனேன். ஏட்டை விரித்து உங்கள் கையெழுத்தைக் காட்டிச் சிரிக்கிறார். "சிவப்பிரகாசத்தின் எண் தப்பு என்று சொல்ல, ஒரு பிட்டர், நீ யார்?" என்கிறார்.

ஏணி போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். மற்ற குழாயெல்லாம் கணீரென்கிறது. இது மட்டும் சப்பென்று கேட்கிறது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி சாயங்காலம் நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊருக்குப் போய் எழுதிய முதல் கடிதத்திலும் அவசரமில்லை என்றுதான் எழுதினீர்கள்! நான் சொன்னால் இங்கே எடுபடாது. நீங்களே பெரிய துரைக்கு எழுதுங்கள், உங்கள் பேரைப் போட்டு.

மேஜையை நகர்த்தக் கேட்டேன். மூன்று பிரதி எழுதித் தரச் சொன்னார்கள்.

இன்னாசிமுத்து


பாகூர்,
12 செப்டம்பர் 1936

அன்புள்ள இன்னாசி,

உன் கடிதம் வந்த பின்னும் ஆறு நாள் தாமதித்தேன். என்னைப் பற்றி நானே அப்படி எழுத வேண்டியிருந்ததுதான் காரணம், வேறில்லை. பிறகு எழுதி, புதுச்சேரிக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். நேற்று பதில் வந்தது. 'தங்கள் நீண்ட சேவையை மதிக்கிறோம். வயது காரணமாக நினைவு தடுமாறுவது இயல்பே. ஏட்டில் உள்ள எண்ணே சரி.'

இருபத்தொன்பது வருஷம் நான் சரியாக எழுதிய எண்களெல்லாம் சேர்ந்து இந்த ஒரு பொய்யைக் காப்பாற்றுகின்றன. என் ஏட்டை நம்புகிறவர்கள் என்னை நம்ப மறுக்கிறார்கள். இனி யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை போனால் போகட்டும், நீ புறப்பட்டு வந்துவிடு. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம்.

சிவப்பிரகாசம்


ரங்கூன்,
30 செப்டம்பர் 1936

அண்ணனுக்கு,

நான் மட்டும் வந்துவிட்டால் அந்த மேஜையில் இன்னொருத்தன் உட்காருவான். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, துரைமார் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தபோது, ஏழாம் உலையின் நெருப்பை நானே அணைத்தேன். ஆறவிட்டு வளைவை அறுத்தேன். அண்ணே, தகரம். வெளி வளைவில் கட்டைவிரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

பெரிய துரை ஓடி வந்து, "யாரைக் கேட்டு நிறுத்தினாய்?" என்று கத்தினார். அறுத்த குழாயைக் காட்டினேன். அவரும் விரலால் அழுத்திப் பார்த்தார். "புதுசு போடு" என்றார். போட்டு முடித்து இறங்கினேன், சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அனுமதியில்லாமல் உலையை நிறுத்தினேனாம்.

அக்டோபர் 19 கப்பலில் வருகிறேன். அறுத்த துண்டு என் பெட்டியில் இருக்கிறது. உங்கள் மேல் கோபம் தீரவில்லை. நேரில் வந்துதான் திட்ட வேண்டும்.

இன்னாசிமுத்து


பாகூர்,
11 அக்டோபர் 1936

அன்புள்ள இன்னாசி,

நீ கப்பல் ஏறுவதற்குள் இது உன் கையில் கிடைக்குமோ என்னவோ.

நேற்று காசம்மாளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அந்தக் கொழாக்குக் கீழதான் அந்த மனுசன் சோறு துன்னுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை. வாசலில் வெகுநேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பினேன்.

கூடத்திலிருந்த பத்திரத்தை இறக்கிவிட்டேன். கடலூர் ஸ்டேஷனில் வண்டியோடு காத்திருப்பேன். திட்டுவதை அங்கேயே ஆரம்பிக்கலாம், சோரியாங்குப்பம் வரை வழி இருக்கிறது.

அந்தத் துண்டை மறக்காமல் கொண்டு வா. அதை நான் அளக்க வேண்டும். ஏப்ரல் பதினெட்டாம் தேதிக்கு எழுதியிருக்க வேண்டிய எண் எதுவென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சிவப்பிரகாசம்