அடுப்பை அணைத்தோமா?

மொராவியா,
ஆகஸ்ட் ஐந்தாம் தேதி

என் செல்ல மகள் யொர்லேனிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலையும் என் குதிகால் கொப்புளத்தையும் தவிர. அந்தக் கதை பின்னால் வருகிறது. மொன்றியலில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம் என்று எனக்குத் தெரியும், முந்தாநாள்தானே போனில் பேசினோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நீ வேறு எதையும் பேச விடுவதில்லையே. "அம்மா, எனக்கு இருக்கறது குழந்தைக்கும் வருமா" என்று கேட்கிறாய், நான் "வராதுடி, சும்மா இரு" என்கிறேன், சரி என்று வைக்கிறாய், என் உலை கொதிப்பதற்குள் மறுபடி அடிக்கிறாய். இந்தக் குழந்தை வேண்டுமென்று எவ்வளவு ஆசைப்பட்டாய், இப்போது வயிற்றைத் தொடவே பயமாக இருக்கிறது என்கிறாய். பெற்ற வயிறு எனக்கும் எரிகிறது. கடிதத்தோடு மல்லுக்கட்ட முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

நீ விசாரிக்கச் சொன்னதை விசாரித்துவிட்டேன். எச்சில் வாங்குகிறவர்கள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை ஒதிலியே வீட்டுக்கு வந்தார்கள். இந்த எண்ணச் சுழற்சி நோய் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்கி வருகிறது என்று ஆராய்கிறார்களே, அவர்கள்தான். நம் குடும்பத்தைப் பார்த்ததும் அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அடுப்பை அணைத்தோமா என்று வீதிக்கு வீதி நின்று திரும்பிப் போகிற உன் அப்பா, கழுவிய கோப்பையையே கழுவுகிற உன் அத்தை, கை கழுவியே தோல் வெடித்துப்போன நீ. எச்சில் துப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று போனிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். உன் அத்தையும் நன்றாகத் தலையாட்டினாள். ஆனால் அவர்கள் வந்தது மத்தியானம் மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு வந்தவரை வெறும் மேஜை முன்னால் உட்காரவைக்க நம் ஊரில் யாருக்கு மனசு வரும்? துணிப்பையில் காப்பி சொட்டிக்கொண்டிருக்கிறது, அடுப்பில் சோள பிஸ்கோத்து மணக்கிறது. "குடிக்கக் கூடாதுன்னது துப்பறவங்களுக்குத்தானே அண்ணி, வந்தவங்க என்ன பாவம் பண்ணினாங்க" என்று ஆராய வந்த டாக்டர் சீனியாவுக்கும் எச்சில் பிடிக்கிற குழாய்ப் பெட்டியைத் தூக்கி வந்த பெண்ணுக்கும் ஊற்றிவிட்டாள். வந்தவர்களைத் தனியாகக் குடிக்க விடுவது மரியாதையா? ஆளுக்கொரு கோப்பை நாங்களும் எடுத்தோம். டாக்டரும் நம் ஊர்க்காரிதானே, பாதி பிஸ்கோத்தை நனைத்துத் தின்ற பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "போச்சு, நானே உங்களோட சேந்து குடிச்சிட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சரி, வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் உன் அத்தை கை பழக்கத்தில் மறுபடி கெண்டியைத் தூக்க, அந்தக் குழாய்க்காரப் பெண் அதை வாங்கிக் கொண்டுபோய்த் தன் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். கெட்டிக்காரி.

அந்தக் காத்திருந்த நேரத்தில்தான் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. டாக்டரைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவள் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. "வயித்துல இருக்கறப்பவே இதைக் கண்டுபிடிக்கற சோதனை எங்கயும் கிடையாதும்மா. ஒரே ஒரு மரபணு செய்யற வேலையா இருந்தா இந்நேரம் புடிச்சிருப்போம். இது நிறைய சேந்து செய்யறது, ஒவ்வொண்ணும் லேசா ஒரு தள்ளு தள்ளும், அவ்வளவுதான். உங்க வீட்டு மாட்டுக்கறிச் சூப்புல இத்தனை கிழங்கு போடறீங்களே, எந்தக் கிழங்கால ருசி வந்ததுன்னு சொல்லுவீங்களா? அதுக்கு மேல வளர்ற விதம், வாழ்க்கைல படற பாடு எல்லாம் இருக்கு" என்றாள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தானாம், ஆனால் அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்தும் வராமலே போகிற பிள்ளைகள்தான் ரொம்ப அதிகமாம். எங்கள் எச்சில் ஆராய்ச்சிக்குத்தான் போகும், உனக்கு இன்னது உன் பிள்ளைக்கு இன்னது என்று யாருக்கும் தனியாகச் சொல்ல மாட்டார்களாம்.

பிறகு உள்ளே வந்து எல்லோருடைய பூர்வீகத்தையும் விசாரித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, இதெல்லாம் என் வீட்டுக்காரர் பக்கத்துக் கெசாதா குடும்பத்து ரத்தம், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் புத்தி நேராக இருக்கும் என்றேன். உங்கள் அம்மாவின் அம்மா யார், எந்த ஊர் என்று துருவிக்கொண்டே போனாள். போனால், அங்கேயும் ஒரு கெசாதா உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் ஆதியில் குடியேறினது கொஞ்சம் குடும்பங்கள்தானே, யாரைத் தொட்டாலும் சொந்தமாம், அதனால்தான் இங்கே வந்து ஆராய்கிறார்களாம். உன் அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "வாங்க அண்ணி, நம்ம வீட்டுக்கு வாங்க. இத்தனை வருஷமா விருந்தாளியாவே இருந்துட்டீங்க. நீலச் சட்டைக்கு நீலக் கிளிப்பு, சிவப்புச் சட்டைக்கு சிவப்புக் கிளிப்புன்னு தேடித் தேடித் துணி காயப்போடறது யாரு, உங்க பக்கத்துப் புத்தியா?" என்றாள். உன் அப்பா சிரித்த சிரிப்பில் துப்ப வேண்டிய எச்சிலை விழுங்கிவிட்டார். நிறம் மாறிக் கிடந்தால் பார்க்க நன்றாகவா இருக்கிறது, நீயே சொல்.

கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள். "மக கேக்கக் கேக்க வராது வராதுன்னு சொல்றீங்களே, அதுவும் ஒரு சோப்புதான்மா. கழுவினா கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மறுபடி கழுவணும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளைக்கு நான் ஆறுதல் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "தாராளமாச் சொல்லுங்க. ஆனா தெரியாததைத் தெரியும்னு சொல்லாதீங்க" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை, யொர்லேனி. படித்த திமிர் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசிலேயே கிடந்தது.

இப்போது முழங்கால் கதை. உன் அப்பா தன் பேரக்குழந்தைக்காக இந்த வருஷம் கர்த்தாகோ மாதா கோயிலுக்கு முழுக்க நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அவர் நடை உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் திருநாளுக்கு நடந்து போகிற கூட்டத்தோடு கிளம்புவார், த்ரெஸ் ரியோஸ் தாண்டுவதற்குள் அடுப்பு ஞாபகம் வந்துவிடும், வீட்டுக்குத் திரும்புகிற எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிவிடுவார். வழியில் போகிறவர்களெல்லாம் "பெலார்மினோ, அடுப்பு சௌக்கியமா" என்று கேட்பார்கள். இந்த முறை த்ரெஸ் ரியோஸைத் தாண்டிவிட்டோம். ஒச்சோமோகோ ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டார், முகமெல்லாம் வேர்வை. "அடுப்பை அணைச்சோமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்கிற பதில் அணைச்சாச்சு. சொன்னதும் நிம்மதி, நாலடியில் மறுபடி அதே கேள்வி, அப்படிச் சொல்லிச் சொல்லியேதான் ஒவ்வொரு வருஷமும் அவரை பஸ் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, "தெரியாது" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே நிஜமாகத் தெரியாமல் போய்விட்டது. என் கெசாதா ரத்தமும் விழித்துக்கொண்டது போல. "வீடு எரிஞ்சா?" என்றார். "எரிஞ்சா பாத்துக்கலாம், நடங்க" என்றேன். ஓரமாக உட்கார்ந்தார். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், சுளை சுளையாகப் பிய்த்துத் தின்றார். எதிரே பஸ் வந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அது போயிற்று. பிறகு எழுந்து மேட்டுப் பக்கம் நடந்தார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போகும், கூடவேதான் வருது, வரட்டும்" என்றார்.

கோயிலில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலாலேயே போனார். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அடுப்பு அணைந்துதான் இருக்கிறது, ஆனால் பின்கதவு ஹோவென்று திறந்து கிடக்கிறது. இத்தனை வருஷமாக அடுப்பைக் காத்த மனுஷர் கதவை மறந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கோழி நம் சோபாவில் முட்டை இட்டுவிட்டு எங்களையே முறைக்கிறது. வேறு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை அந்த முட்டையைப் பொரித்து மொச்சைச் சோற்றோடு போட்டேன், தனக்கு மாதா அனுப்பியது என்று எனக்கு ஒரு வாய்கூடத் தராமல் தின்றார்.

அதனால் என் கண்ணே, இனிமேல் நீ கேட்டால் வராது என்று சொல்ல மாட்டேன். தெரியாது என்றுதான் சொல்வேன். வந்தால் பார்த்துக்கொள்வோம். உன் அப்பாவுக்குச் சின்ன வயதில் இது ஒரு நோய் என்று சொல்லக்கூட ஆளில்லை, கிறுக்கன் என்றார்கள். உனக்கு வைத்தியம் இருந்தது. உன் பிள்ளைக்கு வந்தால் அதை முதல் நாளே கண்டுகொள்ள நீ இருக்கிறாய். அடுப்புக்காரர் என்று தெரிந்துதான் அவரைக் கட்டினேன், மறுபடி கேட்டாலும் அவரையேதான் கட்டுவேன். கை கழுவுகிற பெண் பிறப்பாள் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தாலும் உன்னைத்தான் பெற்றிருப்பேன். வயிற்றில் கை வை. பயம் கூடவே வரட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே, குளிருக்கு இப்போதே கம்பளிக் காலுறை வாங்கி வை. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். முக்கியமாக ஒன்று, இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வை. திரும்பத் திரும்பப் படித்தாய் என்று தெரிந்தால் அங்கேயே வந்து காதைத் திருகுவேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அம்மா ஃப்ளோரி

அப்பா எழுதுவது: மகளே, இதை நானேதான் உறையில் போட்டு ஒட்டப் போகிறேன். ஒட்டிய பிறகு திறந்து பார்க்க மாட்டேன்.