பெரட்டில் விட்டுப்போன பெயர்

அக்கா,

இன்று காலை அம்மா பருப்புச் சட்டியின் விளிம்பில் கரண்டியை இரண்டு முறை தட்டினார். ஒட்டியிருக்கும் பருப்பு உள்ளே விழட்டும் என்று எல்லா அம்மாக்களும் தட்டுவதுதான். ஆனால் இந்தக் கரண்டியின் ஓரம் நசுங்கியிருக்கிறது. சத்தம் கொஞ்சம் உடைந்து வருகிறது. பள்ளிச் சீருடையோடு வரலாற்றுப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த நசுங்கல் நம் வீட்டில் உண்டானதில்லை. உன் விடுதிக் கதவுகளில் தட்டித் தட்டி நீ உண்டாக்கியது.

நீ போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. உனக்கு நடந்ததை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. போன மாதம் நான் அறிந்துகொண்டதையோ சுத்தமாக நம்ப முடியவில்லை. எழுதிப் பார்த்தால் நம்ப முடியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

உன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் கூப்பிட்டார். மாணவர்களிடையே தலைமைத்துவத்துக்கும் வளாக வாழ்க்கைக்குச் செய்த சேவைக்கும் ஆண்டுதோறும் தரும் விருதுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், குடும்பத்தார் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், "வேறு பிள்ளையாக இருக்கும், நன்றாகப் பாருங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுப்பிவிட்டாத்தான் எந்திரிக்கிறவ. அவளுக்கு என்னா தலைமைத்துவம்?"

அம்மா சொன்னதில் பொய் இல்லை. விடுமுறைக்கு வந்தால் நீ போர்வையை விட்டு வெளியே வந்ததே இல்லை. "வெயிலு மலை மேல ஏறிடுச்சு, நீ இன்னும் பாய விட்டு எறங்கல" என்று அம்மா வாசலில் நின்று கத்துவார். நம் ஈப்போவின் குனோங் ராபாட்டில் எல்லா ஜன்னலிலும் மலைதான் தெரியும். அம்மாவுக்கு அதுதான் கடிகாரம். நீ போர்வைக்குள்ளிருந்தே, "அந்த மலைக்கு வேற வேல இல்லம்மா, எனக்கும் இல்ல" என்பாய். பிறகு என்னைக் காலால் இடித்து, "ஏய் புழு, நீ போயி எனக்கும் சேத்துப் பல்லு வெளக்கிட்டு வா" என்பாய். புத்தகப்புழுவைச் சுருக்கி நீ வைத்த பெயர். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

அப்பா அன்று சிம்பாங் பூலாய்க் கல்குவாரியிலிருந்து லாரியை விட்டுவிட்டு, புருவத்தில் சுண்ணாம்புத் தூளோடு வந்தார். அம்மா செய்தியைச் சொன்னதும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"உசுரோட இருந்தப்ப பாத்துக்க ஆளில்ல. இப்ப கப்பு குடுக்கக் கூப்புடுறாங்களாம்லா."

"அப்படிச் சொல்லாதீங்க. மரியாதைக்குக் கூப்புடுறாங்க."

"ஒரு நா முன்னால கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? அத்தன புள்ளைங்க இருக்கிற எடத்துல அந்த ஒரு நா எல்லாரும் எங்க போனாங்க? வாரேன். அத மட்டும் கேட்டுட்டு வாரேன்."

டாக்டர் அப்படித்தான் சொன்னார். டிங்கிக் காய்ச்சல். சனிக்கிழமை முழுதும் நீ அறைக்குள்ளேயே கிடந்தாய். ஞாயிறு மதியம்தான் கதவைத் திறந்தார்கள். உன் கைப்பேசி அணைந்திருந்தது. வழக்கம்போலப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நாங்கள் இங்கே நினைத்தோம். ஆஸ்பத்திரியில் நாங்கள் வந்து சேர்ந்தபோது உனக்கு எங்களைத் தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த ஒரே கேள்விதான். வயிற்றுக்குள் கல்லை வைத்திருப்பவரைப்போல அதோடு லாரி ஓட்டினார், சாப்பிட்டார், மாதா கோயிலில் பூசைக்கு முட்டி போட்டார்.

விழாவுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் போனோம். சிலிம் ரிவர் பக்கம் வந்தால் அப்பா வேகத்தைக் குறைத்து, செம்பனைக் காட்டைக் காட்டி, "அந்தா, அங்கதான் நம்ம லயத்து வீடு" என்பாரே, அன்று குறைக்கவில்லை. அம்மாவின் கையில் செபமாலை இருந்தது, உருளவில்லை. நான் அந்தக் காட்டைப் பார்த்தபடி, அப்பா நமக்குச் சொன்ன பெரட்டுக் கதையை நினைத்துக்கொண்டேன். விடியுமுன் தோட்டத் தொழிலாளர்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்று வேலை. பிந்தி வந்தவரை அத்தனை பேர் முன்னால் ஏசித் திருப்பி அனுப்புவார். அப்பாவையும் இளவட்டத்தில் அப்படி அனுப்பியிருக்கிறார். கேட்டபோது எனக்கு அந்தக் கிராணிமேல் அழுகையோடு கோபம் வந்தது. நீ மட்டும் வேறொன்று கேட்டாய். "அப்போ யாராச்சும் வரலைன்னா ஒடனே தெரிஞ்சிடுமாப்பா?" அப்பா, "தெரியாமலா. லயத்துக்கு ஆள் அனுப்பிருவாரு" என்றார். நீ தலையாட்டிக்கொண்டாய். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

மண்டபத்தில் பல மாணவர்கள் விருது வாங்கினார்கள். ஒருவர் வெள்ளத்தில் உதவியவர், ஒருவர் விவாதக் குழுவை நடத்தியவர். கடைசியில் உன் படம் திரையில் வந்தது. அறிவிப்பாளர் மலாயில் வாசித்துக்கொண்டே போய் ஒரு சொல்லில் தடுமாறினார். "பெராத்து" என்றார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடல் தாண்டிச் சபா மாநிலத்திலிருந்து வந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி உன் மாடியில் காய்ச்சலோடு கிடந்ததை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். தற்செயலாகப் பார்த்து அவளைத் தூக்கிக்கொண்டு போனது நீ. மறுநாள் காலையிலிருந்து நீ பெரட்டு எடுக்கத் தொடங்கிவிட்டாய். திரையில் அதைக் காட்டினார்கள், அக்கா. யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளி. வாராத தலையோடு, கசங்கிய பனியனோடு, நீ நீண்ட தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகக் கரண்டியால் தட்டிப் பெயர் கூப்பிடுகிறாய். உள்ளேயிருந்து மலாய்க் குரல், சீனக் குரல், தூக்கக் குரல், எல்லாம் தமிழில் "இருக்கேன்" என்கின்றன. ஒரு கதவுக்குப் பின்னால் ஒருத்தி, "இருக்கேன், இருக்கேன், போலா" என்று சலித்துக்கொள்கிறாள். மண்டபம் சிரித்தது. போர்வைக்குள் கிடப்பவளை மட்டுமே அறிந்த நான் சிரிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்தார். "என் கரண்டிடீ அது. வீடு பூரா தேடினேனே."

மேடைக்கு அம்மாவும் நானும் போனோம். அப்பா எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கேடயத்தை அம்மா வாங்கினார்; கனம் தாளாமல் என்னிடம் தந்தார். திரும்பி வந்தபோதும் அப்பா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேநீர். கரிபாப் தட்டுகள் இருந்த மேசையருகே ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். நூருல், உன் பக்கத்து அறை. அவள் கையில் துணியில் சுற்றிய கரண்டி. இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டி, மலாய்ப் பிள்ளைகள் அத்தையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். "மாக்சிக், இது உங்களுடையது என்று உங்கள் மகள் சொல்வார்."

அம்மா வாங்கிக்கொள்வதற்குள் அப்பா கேட்டுவிட்டார். மலாயில், மெதுவாக. அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"எல்லார் பேரையும் கூப்பிட்டாள், சரி. அந்தச் சனிக்கிழமை என்ன ஆயிற்று?"

நூருல் நீட்டிய கரண்டியைத் தாழ்த்தினாள். "அன்றைக்குக் கரண்டிச் சத்தம் வரவில்லை, பாக்சிக். ஈப்போவுக்குப் பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்தோம். அந்த வாரம் போகலாம் என்று சொல்லியிருந்தார். கொஞ்சம் கூடத் தூங்கலாம் என்று..." அவள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாள். "சந்தோஷமாகத் தூங்கினோம். எங்கள் மாடியில் கூப்பிடாத பெயர் அவருடையது மட்டும்தான். எங்களுக்குத் தோன்றவே இல்லை."

அவள் சொன்னதன் பொருள் எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் நீ அங்கே இருப்பதாக நினைத்தோம். அவர்கள் நீ இங்கே வந்துவிட்டதாக நினைத்தார்கள். யாரும் தனியே கிடந்து சாகக் கூடாது என்று நீ உண்டாக்கிய ஏற்பாட்டில் ஒரே ஒருத்திக்கு இடமில்லை. அந்த ஒருத்தி நீ. கையிலிருந்த கேடயம் குளிர்ந்துபோய் இருந்தது; அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அப்பா இப்போது கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றும் நினைத்தேன்.

அப்பா தன் கையை எடுத்து நூருலின் முக்காட்டுத் தலைமேல் வைத்தார். அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழில் பேசினார்.

"கிராணி பேர யாரும் கூப்புட மாட்டாங்கம்மா. எங்க தோட்டத்துலயும் அப்படித்தான். அவரு பேரு பெரட்டுல கெடையாது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அத்தனை மாதம் அவர் சுமந்து வந்த கேள்விக்குப் பதில் அவர் சொன்ன கதையிலேயே இருந்திருக்கிறது. கோபப்பட ஓர் ஆள்கூட அந்த மண்டபத்தில் அவருக்கு மிஞ்சவில்லை.

நூருல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். பெரட்டு நிற்கவில்லை, இப்போது அவள்தான் எடுக்கிறாள். ஆனால் பக்கத்து அறைக்காரி வந்து முதலில் நூருலின் பெயரைக் கூப்பிட வேண்டும். அவள் "இருக்கேன்" என்ற பிறகுதான் கரண்டி எடுக்கலாம். கடையில் வேறு கரண்டி வாங்கிவிட்டார்களாம். "உங்களுடையதைப் போலச் சத்தம் வரவில்லை, மாக்சிக்" என்றாள். அம்மா தன் கரண்டியைத் துணியிலிருந்து எடுத்து, நசுங்கிய ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "கழுவாம வச்சிருந்திருக்கா பாரு ஒங்கக்கா" என்றார். அவ்வளவுதான். கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது சிலிம் ரிவரில் அப்பா வேகத்தைக் குறைத்தார். செம்பனைக் காட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு போனார்.

கேடயம் உன் படத்துக்குப் பக்கத்தில், மாதா சுரூபத்தின் கீழே இருக்கிறது. கரண்டியை அம்மா அடுத்த நாளே பருப்புக்குள் விட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "கண்ணாடிப் பெட்டில வைக்கணுமா? அவ கதவ ஒடைக்கவா வாங்கினேன், கொழம்பு கிண்ட வாங்கினது" என்றார். சொல்லிவிட்டுக் கிண்டாமல் வெகுநேரம் நின்றார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இன்றைய காலையைத்தான். விழாவிலிருந்து வந்த நாள் முதலாக, அப்பா வேலைக்குப் புறப்படுமுன் நம் அறை வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் செருப்புச் சத்தத்தோடு போய்விடுவார், உனக்கே தெரியும். இப்போது கூப்பிடுகிறார், நான் "இருக்கேன்பா" என்கிறேன், போகிறார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இன்று அவர் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

மூத்தவள் பெயர்தானே முதலில் நாவில் வரும். சமையலறையில் கரண்டி நின்றது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து விழுந்ததைத் திரும்ப எடுக்கத் தெரியாதவர்போல நின்றார். எனக்கு என்ன சொல்வதென்று எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை.

"அவ இல்லப்பா," என்றேன். "நான் இருக்கேன்."

அவர் தலையாட்டினார். திரும்பப் போனவரை நான் விடவில்லை. "அப்பா, நீங்க?" என்று கேட்டேன். இத்தனை வயதில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலும், திகைத்துவிட்டார்.

"இருக்கேன்," என்றார். "இருக்கேன்லா."

அப்போதுதான் அம்மா சட்டியின் விளிம்பில் இரண்டு முறை தட்டினார். பருப்புக்காகத் தட்டினாரா, தன் பெயருக்குப் பதில் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு ஆண்டில் நானும் எங்கேயாவது ஒரு விடுதிக்குப் போவேன். அந்தக் கரண்டியை அம்மா தர மாட்டார். உன் பெரட்டை மட்டும் எடுத்துப் போகிறேன், அக்கா. முதல் நாளே பக்கத்து அறைக் கதவைத் தட்டுவேன். அவள் பெயரைக் கேட்பேன். கேட்ட கையோடு என் பெயரையும் சொல்லி, காலையில் கூப்பிடச் சொல்வேன்.